முழுப் பரீட்சை லீவில் அலங்காநல்லூர்

தைப் பொங்கல் முடிந்த கையோடு ஒரே ஒரு நாள் ஜல்லிக்கட்டால் அலங்காநல்லூரின் பெயர் நாடெங்கும் ஒலிக்கும். கேமராக்காரர்கள் மொட்டை மாடிகளில் ஏறுவார்கள், அமைச்சர்கள் வருவார்கள், கார் பரிசு யாருக்கு என்று எங்கோ சிங்கப்பூரில் இருப்பவர்கூட விசாரிப்பார். அதன் பிறகு அடுத்த தை வரை ஊர் தன் பாட்டுக்கு இருக்கும். மே மாதத்தில் அங்கே போகிறேன் என்றதும் மதுரை நண்பர் சிரித்தார். "மாடே அவுக்காத நேரத்துல அங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?" பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

காரணம் அவர் வீட்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. மதுரையில் ஏப்ரல் பிறந்தாலே தெருவுக்குத் தெரு கோடை முகாம் விளம்பரங்கள்: அபாகஸ், கையெழுத்து, கீபோர்டு, கராத்தே, ஸ்கேட்டிங், நினைவாற்றல். பணம் கட்டாத பெற்றோரைப் பணம் கட்டிய பெற்றோர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இதிலெல்லாம் தப்பு ஒன்றுமில்லை; பிள்ளைக்குப் பிடித்திருந்தால் கராத்தே நல்லதுதான். ஆனால் நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வடக்கே, முகாமும் கட்டணமும் இல்லாத இடத்தில், ஒன்றரை மாத லீவு ஒரு பிள்ளையின் தலைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

சிக்கந்தர்சாவடி தாண்டியதும் பேருந்தில் காற்று கொஞ்சம் மாறியது. குமாரம் வருவதற்குள் தென்னையும் வாழையும் இரண்டு பக்கமும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் கரும்புதான் இந்தப் பக்கத்தின் அடையாளம். கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு கழியை உருவும் வித்தை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பேருந்தில் பாதிக் கூட்டம் பிள்ளைகள். மடியில் துணிப்பை, பைக்குள் இரண்டு செட் உடுப்பு, லீவுக்கு அம்மாச்சி வீடு. அம்மாக்களுக்கு டிக்கெட் இல்லை, பையன்களுக்கு அரை டிக்கெட். 2021இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு இந்த அம்மாச்சி வீட்டுப் போக்குவரத்து கூடியிருப்பதாக நடத்துநர் சொன்னார். "முன்னெல்லாம் ஒரு தடவ வந்து விட்டுட்டுப் போவாங்க. இப்ப நெனச்சா வந்து பாத்துட்டுப் போறாங்க."

மாடுகள் வெளியேறும் வாடிவாசல் தெருவிலேயே இருக்கிறது. தையில் லட்சம் கண்கள் பார்க்கும் இடம், மே மாத மத்தியானத்தில் பையன்களின் சொத்து. ஏழெட்டுப் பேர் ஜல்லிக்கட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மாடு, முதுகில் துண்டைச் சுருட்டிக் கட்டித் திமில் வைத்திருந்தான். திமிலைத் தவிர வேறெதைத் தொட்டாலும் ஆட்டம் இல்லை. வாலைப் பிடித்தால் வெளியே. மூன்று துள்ளல் தாங்கினால் வெற்றி. உண்மையான களத்து விதிகள்தான், ஒன்றையும் தளர்த்தவில்லை. சண்டை வந்தால் தீர்க்க ஒரு கமிட்டியும் இருந்தது. அதில் இரண்டு பேர். இருவரும் பல் விழுந்தவர்கள்.

என்னைக் கட்டிப்போட்டது மைக்காரன். பத்து வயது இருக்கும். பிளாஸ்டிக் குடம் ஒன்றின் வாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவன் வர்ணனை சொன்னான். எந்த ஊர் மாடு, யார் மாடு, தொட்டுப் பார், பிடித்தால் ஓர் அண்டா, ஒரு சைக்கிள், ஒரு தங்கக் காசு, மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கொள்ளவும், வீரர்கள் ஒதுங்கி நிற்கவும், மாடு போகட்டும், மாடு போகட்டும். மூச்சு விடும் இடம் எது, குரலை ஏற்றும் இடம் எது, கிண்டல் எது, எச்சரிக்கை எது எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. மேடைப் பேச்சுப் போட்டிகளில் நான் கேட்ட பல பிள்ளைகள் மனப்பாடம் ஒப்பிப்பவர்கள். இவன் கண்ணெதிரே நடப்பதை அந்த நொடியிலேயே வாக்கியமாக்கினான்.

ஆட்டம் கலைந்ததும் டீக்கடைப் பெஞ்சில் கிடந்த நாளிதழை நீட்டினேன். ஒரு செய்தியை இதே மாதிரி மைக்கில் வாசி என்றேன். குடத்தை ஓரமாக வைத்துவிட்டான். எழுத்துக் கூட்டினான். 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்பதைத் தாண்ட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நான்காம் வகுப்பு முடித்து ஐந்துக்குப் போகிறவன். குரல் கால்வாசியாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவன், "இவன் ஸ்கூல்ல பேசவே மாட்டான் சார்" என்றான்.

அன்றிரவு தங்கிய வீட்டில் விடியலுக்கு முன்னாலேயே எழுப்பிவிட்டார்கள். பூ பறிக்கப் போக வேண்டும். கோடைதான் மல்லிகைக்குக் காலம். மொட்டு விரியுமுன், வெயில் ஏறுமுன் பறித்துப் பேருந்தேற்றி மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சேர்த்துவிட வேண்டும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தி அந்த வீட்டு அப்பத்தாவுக்குத் தெரியாது. தெரிந்த செய்தி, இன்றைக்கு முகூர்த்த நாளா இல்லையா என்பது. அதை வைத்துத்தான் விலை.

பேத்திக்குப் பதினொரு வயது. இரண்டு கையாலும் பறித்து இடுப்பு மடியில் போட்டுக்கொண்டே வரிசையில் நகர்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் கொக்கித் தராசில் தொங்கவிட்டார்கள். மூன்று கிலோ நானூறு. நேற்றைய விலை கிலோ முந்நூறு. கமிஷன் நூற்றுக்குப் பத்து. "கைக்கு எம்புட்டுத்தா வரும்?" என்று அப்பத்தா கேட்டு முடிப்பதற்குள் தொள்ளாயிரத்துப் பதினெட்டு என்றாள். எப்படி என்று கேட்டேன். மூன்று கிலோவுக்குத் தொள்ளாயிரம், நானூறு கிராமுக்கு நூற்றிருபது, ஆயிரத்திருபதில் பத்தில் ஒரு பங்கு நூற்றிரண்டு, கழித்தால் வந்தாச்சு. விளக்கச் சொன்னதே அவளுக்குச் சலிப்பு.

இதையே நோட்டில் எழுதிப் போடு என்றேன். 3.400 என்று எழுதினாள். பக்கத்தில் 300. பெருக்கினாள். புள்ளி எங்கோ நழுவிவிட்டது. விடை 10,20,000. அதையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பத்தா, நமக்குப் பத்து லட்சம் வருதாம்!"

அந்தச் சிரிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். வகுப்பில் அதே விடை வந்திருந்தால் கீழே இரண்டு கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பாள். விடை நியாயமா என்று கேட்கும் பழக்கம் அங்கே வருவதில்லை. இங்கே மூன்று கிலோ பூவுக்குப் பத்து லட்சம் வராது என்று அவளுக்குத் தெரியும். புள்ளியைத் தேடித் திரும்பிப் போனாள், கண்டுபிடித்தாள்.

இது இந்தப் பெண்ணின் கதை மட்டும் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை பார்க்கும் பிள்ளைகளைச் சோதித்து 2025இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கும் ஒரு கிலோ நானூறு கிராம் வெங்காயமும் என்றால் மனக்கணக்காகச் சரியாகச் சொல்லும் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பாடப்புத்தகப் பாணியில் தாளில் கொடுத்தால் திணறினார்கள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் நேர்மாறு: தாளில் ஓரளவு போட்டார்கள், கடையில் நிறுத்தினால் விழித்தார்கள். வீட்டுக் கணக்கும் பள்ளிக் கணக்கும் ஒரே பிள்ளையின் தலைக்குள் குடியிருந்தும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. வாடிவாசல் மைக்காரனின் பேச்சும் வாசிப்பும் அப்படித்தான். என் கட்சி இதுதான்: லீவு இந்த இரண்டையும் பேச வைப்பதற்கான காலம். புதிதாக எதையும் கொண்டுவந்து இறக்க வேண்டியதில்லை.

லீவில் படித்தது மறந்துபோகிறது என்ற கவலையும் பொய்யில்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 1996இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கோடை விடுமுறை சராசரியாக ஒரு மாதப் படிப்பைக் கரைப்பது தெரிந்தது. கணக்கு அதிகம் கரைகிறது. வாசிப்பில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் லீவில் கொஞ்சம் முன்னேறுகிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். வீட்டில் புத்தகம் இருக்கிறதா, கேட்க ஆள் இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பெரிய அளவில் பார்த்துவிட்டது. கொரோனாவில் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தன. உலகத்தின் மிக நீண்ட லீவுகளில் ஒன்று அது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், திண்ணையோ கோயில் வாசலோ மரத்தடியோ. மையங்கள் மாநிலமெங்கும் இரண்டு லட்சத்தை எட்டின. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்திருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசி இந்தத் திண்ணை வகுப்புகளின் பங்கு என்று கணக்கிட்டார்கள்.

அலங்காநல்லூரில் அப்படி மையம் நடத்திய ஒரு பெண்ணைச் சந்தித்தேன். பி.காம். படித்தவர், இப்போது ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறார், மையம் நின்றுவிட்டது. "நான் ஒண்ணும் பெருசா சொல்லிக் குடுக்கலைங்க சார். புள்ளைக வாசிக்கும், நான் காய் நறுக்கிக்கிட்டே கேப்பேன். தப்பா வாசிச்சா 'என்னது?'ன்னு மட்டும் கேப்பேன். அதுகளே திரும்ப வாசிச்சுத் திருத்திக்கும்" என்றார். அரசின் வாசிப்பு இயக்கம் பிறகு கொண்டுவந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக வந்தன. அவற்றில் சில அவர் வீட்டில் இன்னும் கிடக்கின்றன. தெருப் பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்களாம். திரும்பி வராத புத்தகங்களைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை, எனக்கு இருந்தது.

மைக்காரப் பையனை அவரிடம் அழைத்துப் போனேன். 'நட' வரிசையில் ஒன்றை எடுத்து, குடத்தையும் கையில் கொடுத்தார். குடத்துக்குள் முகத்தை வைத்தால் புத்தகம் தெரியாதே என்று அவன் நியாயமாகக் கேட்டான். ஒருவன் புத்தகத்தைப் பிடிக்க, இவன் வாசித்தான். கூட்டினான், தடுமாறினான், ஆனால் குரல் குறையவில்லை. தடுமாறிய இடத்திலெல்லாம் "மாடு போகட்டும், மாடு போகட்டும்" என்று சொல்லிச் சமாளித்தான்.

மத்தியான வெயிலில் ஊருக்கு வெளியே நடந்தால் பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தின் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கின்றன. அதற்குள் கிரிக்கெட். கரையில் மாட்டோடு நின்ற தாத்தா ஒருவரிடம் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். மழை பெய்து, அணை தேறினால் ஜூனில் விடுவார்கள் என்றவர் அதோடு நிறுத்தவில்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது, அணை கட்டிய பென்னிகுவிக், 1895, வைகை, பேரணை, அங்கிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு மேல் மேலூர்ப் பக்கம் ஒருபோகம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் என்று கடைசி ஓர் ஏக்கர் வரை சொன்னார். பக்கத்தில் மட்டையோடு நின்ற பேரன் இதை முதன்முறையாகக் கேட்பவன்போலப் பார்த்தான். "இதெல்லாம் சமூக அறிவியல்ல வருமே தாத்தா" என்றான். தாத்தாவிடம் அவன் அதுவரை கேட்டதில்லை. தாத்தாவும் சொல்ல நினைத்ததில்லை, பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள் என்று இருந்திருக்கிறார். இப்படி ஒருவரை ஒருவர் நம்பிச் சும்மா இருந்துவிடுவது நம் வீடுகளில் சகஜம்.

இதையெல்லாம் ரொம்ப இனிப்பாக எழுதிவிடக் கூடாது. லீவு எல்லாருக்கும் ஒன்று இல்லை. வாடிவாசலில் நான் பார்த்த கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை கிடையாது. அவர்கள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகச் சோறு வடிக்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள். பூப் பறிப்பது கல்வி என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்கப் பிள்ளையை வேலை வாங்கும் வீடுகளும் உண்டு. விடிகாலை ஒன்றரை மணி நேரம் அப்பத்தாவோடு என்பது ஒன்று. கூலிக்குக் கொத்தாக அனுப்புவது வேறு. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு யாரும் கணக்கு கேட்பதில்லை, அடுப்பை அணைத்தாயா என்றுதான் கேட்கிறார்கள். போன் ஒன்று வீட்டில் இருந்தால் அதுவும் அண்ணன் கையில்.

அந்தப் பெண்கள் விளையாடியதையும் பார்த்தேன், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. தரையில் கட்டம் கிழித்து, உடைந்த ஓட்டுச் சில்லை எறிந்து நொண்டிப் பாண்டி ஆடினார்கள். வைகைக்குத் தெற்கே, மதுரையிலிருந்து சில மைல் தொலைவில் கீழடி அகழாய்வில் இதே போன்ற வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கியவை. 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அதே மண்ணில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்பது போன்ற ஆள் பெயர்கள் கீறியிருக்கின்றன. சமையல் பாத்திரத்தில் பெயர் எழுதிய வீடுகள் அவை. எழுத்து அடுப்படி வரை வந்திருந்த காலம் இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. கோடையில் ஒரு நாள் ஒதுக்கி அந்தப் பெண் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள் என்று நான் சொன்னபோது, ஓர் அம்மா உடனே கேட்ட கேள்வி, "அங்கிட்டு டவுன் பஸ் போகுமா?"

அந்தக் கேள்விதான் நூலகத்துக்கும். 2023 ஜூலை 15 முதல் மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, குளுகுளு வசதி, கேட்பாரில்லாமல் எடுத்துப் புரட்டப் புத்தகம். இரண்டு பேருந்து மாறினால் அலங்காநல்லூர்ப் பிள்ளை அங்கே நிற்கலாம். ஆனால் யாராவது ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வர வேண்டும். மதுரையின் பெரிய நூலகத்தைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டே, ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஒரு சின்ன நூலகம் கோடை முழுக்கச் சாயங்காலம் ஏழு வரை திறந்திருக்க வேண்டும் என்று கேட்பதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. காசு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் எல்லாரும் கட்டுகிறோம். வாடிவாசல் தெருவில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார்.

மாட்டு ஊரில் நின்றுகொண்டு இன்னொன்றும் நினைத்தேன். 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நடமாடும் நூலகம் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடி அது. அலங்காநல்லூருக்குப் பக்கத்துக் கீழக்கரையில், வகுத்துமலை அடிவாரத்தில் 2024 ஜனவரி 24 அன்று திறந்த ஏறுதழுவுதல் அரங்கம் பிரமாண்டமாக இருக்கிறது. அது பெரும்பாலான நாள் காலியாகத்தான் இருக்கும். அதன் வாசலில் மே மாதம் ஒரு புத்தக வண்டி நின்றால், மாடு யாருடையது என்று கேட்கவாவது பையன்கள் கூடுவார்கள்.

கிளம்ப வேண்டிய நாள் மறுபடி அப்பத்தா வீட்டுக்குப் போனேன். சுவரில் ஆணியில் ஒரு கம்பி தொங்கியது. அதில் பூக்கடைச் சீட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி, மஞ்சளும் வெள்ளையுமாக, ஒரு சாண் உயரத்துக்கு. அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி, கம்பியில் குத்தி வைப்பது மட்டுமே வழக்கம். பேத்தி அவற்றைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தாள். பழைய நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு தேதி, எடை, விலை, கமிஷன், கைக்கு வந்தது என்று பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சொல்லித் தரவில்லை. பத்து லட்சம் ரூபாய் அவளைச் சும்மா விடவில்லை போலும்.

அவள் கண்ணில் பட்டது ஒரு விஷயம். சீட்டுகளில் எடை எப்போதும் நூறு நூறாகவே இருந்தது. 3.300, 2.800, 4.100. ஐம்பதும் எழுபதும் ஒரு சீட்டிலும் இல்லை. "நம்ம தராசுல நேத்து மூணு முந்நூத்தம்பது அப்பத்தா. இங்க மூணு முந்நூறுன்னு இருக்கு."

"பூ வாடும்டி. பஸ்ஸுல போறதுக்குள்ள கொஞ்சம் கொறையும்ல."

"அம்பது கிராமா கொறையும்?"

"பழகின கடை. விடு."

அவள் விடவில்லை. ஐம்பது கிராமுக்குப் பதினைந்து ரூபாய், முப்பது நாளுக்கு நானூற்றைம்பது என்று நோட்டின் ஓரத்தில் போட்டாள். இந்த முறை புள்ளி சரியான இடத்தில் இருந்தது. பிறகு அவள் தீர்மானித்தது எனக்குப் பிடித்திருந்தது: கடைக்காரரைக் கேட்பதற்கு முன்னால் பூ உண்மையிலேயே எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட வேண்டும். மறுநாள் காலை ஈரச் சாக்கில் ஒரு பங்கு, காய்ந்த பையில் ஒரு பங்கு. வீட்டில் ஒரு எடை, மாட்டுத்தாவணியில் இறங்கியதும் ஒரு எடை. கொக்கித் தராசும் கூட வரும்.

அப்பத்தா கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். அப்புறம் எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. அப்பத்தாவுக்கு டிக்கெட் இல்லை, பூ மூட்டைக்கு லக்கேஜ் தனி. லக்கேஜை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். புதிதாக ஒரு கட்டம் போடு என்றேன். நோட்டில் இடமில்லை என்று இன்னொரு தாளைக் கிழித்து ஒட்டினாள்.